விடுதலைப் பத்திரம்

பத்திர எழுத்தர் கொடுத்த நகல் மூன்று வாரமாக என் மேசையில் கிடக்கிறது. மானகிரியில் அப்பா பெயரில் இருக்கும் 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சையில் எனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறது. இந்த வகைப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். இருபது வருடமாக வகுப்பில் தமிழ் நடத்துகிறவள் நான். இந்தச் சொல்லை முத்திரைத்தாளில் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இதில் விடுதலை ஆகப்போவது நானா, நிலமா?

அப்பா உயில் எழுதி வைக்கவில்லை. சட்டப்படி அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. என்னுடையது 40 சென்ட். அம்மா தன் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அவருக்கு இது இரண்டாவது முறை. அம்மாச்சி இறந்த வருடம் மாமாக்கள் காரில் வந்து அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். "ஏம்மா குடுத்தே?" என்று கேட்டேன். "பொறந்த வீட்டு வாசப்படியை மிதிக்கணும்ல" என்றார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. இரண்டு சட்டமும் வாசப்படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது மானகிரி. இது ஆற்றுப் பாசனம் இல்லாத, வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகினால் ஒரு போகம் உண்டு, பெருகாவிட்டால் தரிசு. சாலையை ஒட்டிய வயல்களில் இப்போது வெள்ளையும் மஞ்சளும் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். மேல்மடையில் ஒருவர் மனை போட்டுக் கிராவல் கொட்டினால் வாய்க்கால் தூர்ந்துபோகும். கீழ்மடைக்காரர் விற்க நினைக்காவிட்டாலும் இரண்டு வருடத்தில் விற்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். அண்ணன் கெட்டவர் இல்லை. மூன்று வெள்ளாமை கைக்கு வரவில்லை, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். "சென்ட் என்ன விலை போகுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நிலம் காக்கும் அமைப்புகளின் வரலாற்றைப் பற்றி இந்தத் தொகுப்புக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். அந்த நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நிலத்தை விலைக்கோ கொடையாகவோ வாங்கி, இனி யாரும் விற்க முடியாதபடி காப்பது என்ற ஏற்பாட்டின் பெரிய முன்னோடி இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை. 1895இல் அதைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆக்டேவியா ஹில் என்ற பெண். லண்டன் ஏழைகளின் வீட்டுவசதிக்காக உழைத்தவர். அந்த அறக்கட்டளைக்கு வந்த முதல் நிலமும் ஒரு பெண் கொடுத்ததுதான். வேல்ஸ் கடற்கரையில் பார்மத் ஊருக்கு மேலே இருக்கும் டினாஸ் ஒலாய் என்ற குன்றுச் சரிவை ஃபேனி டால்பட் என்ற விதவை எழுதிக்கொடுத்தார், நாலரை ஏக்கர். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882இல்தான் வந்தது. அது வந்து பதின்மூன்று வருடம்கூட ஆகாத நாட்டில், ஒரு பெண் தன் பெயரிலிருந்த நிலத்தை ஊருக்கு வைத்தார். இந்த அமைப்புகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குன்றின் அழகை விரிவாக எழுதுவார்கள். அந்த நிலம் யார் பெயரில் இருந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஏறத்தாழ அதே காலத்தில் நம் பக்கத்திலும் விற்கக் கூடாத நிலம் என்று ஒன்று உண்டாயிற்று. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் அங்கிருந்த பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை கொடுத்தார். அதன்பேரில் 1892இல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். நிபந்தனை தாளில் இன்றும் இருக்கிறது. நிலங்கள் பலவும் வேறு கைகளில் இருக்கின்றன. 1994இல் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். நிலத்துக்குச் சட்டம் போட்டுவிட்டு, அதன்மேல் நிற்பவரை ஊர் நிற்கவிடுமா என்று பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சமி நிலத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். 1985 வரை சிவகங்கை தனி மாவட்டம் இல்லை, மானகிரியும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்து நாட்டார்கள் 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது விதித்த தடைகளை ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தன் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். முதல் பட்டியலில் பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது என்று இருக்கும். அதைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டாவது பட்டியலை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதில் நிலம் வருகிறது. அவர்கள் தங்கள் நிலத்தை ஊர் மிராசுதாரர்களுக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரில் ஏதாவது விளைந்தாலும் அறுவடைப் பருவத்தில் கொள்ளையடிக்கப்படும். மார்பை மறைக்கும் துணியும் மடைத் தண்ணீரும் ஒரே கட்டளை வரிசையில் வருகின்றன. இரண்டையும் தனித்தனியாகப் படிக்கப் பழகியது நம் தவறு. எங்கள் 1 ஏக்கர் 20 சென்டும் அந்த வரலாற்றுக்கு வெளியே இருக்கும் நிலம் இல்லை. அப்பா அதை விலைக்கு வாங்கினார். விலைக்கு வாங்கும் உரிமை அவருடைய சாதிக்கு இருந்தது.

நிலத்தைக் காப்பதையும் நிலம் இல்லாதவருக்கு நிலம் சேர்ப்பதையும் ஒரே வேலையாகச் செய்த அமைப்பு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. லாஃப்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பை 1981இல் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் தொடங்கினார்கள். உழுபவரின் நில விடுதலை என்பது அந்த ஆங்கிலப் பெயரின் பொருள். இங்கேயும் விடுதலை வருகிறது, அர்த்தம்தான் வேறு.

கிருஷ்ணம்மாள் 1926இல் பட்டிவீரன்பட்டியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். கூலி வேலையில் தேய்ந்துபோன தாயைப் பார்த்து வளர்ந்தவர். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்துப் பட்டம் வாங்கினார். ஜெகந்நாதன் இராமநாதபுரம் மாவட்டத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்தியின் அழைப்பில் கல்லூரியை விட்டவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் திருமணம் என்று காத்திருந்து 1950இல் மணந்துகொண்டார்கள். அடுத்த வருடம் வினோபாவின் பூதான இயக்கம் தொடங்கியது. இருவரும் அதில் நடந்தார்கள். பூதானத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. கொடுத்தவர் மனம் இளகிக் கொடுத்ததில் கல்லும் களரும் வழக்கில் கிடந்ததும் நிறைய இருந்தன. ஆனாலும் அங்கே நடந்த கால்கள்தான் பிறகு தஞ்சைக்கு வந்தன.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையில் தங்கிவிட்டார்கள். கூலியை அரைப்படி உயர்த்துவதோடு இது முடியாது, கூலிக்காரியின் பெயரில் நிலம் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நில உச்சவரம்புச் சட்டம் இருந்ததே என்று கேட்கலாம். 1961இல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. வீட்டுப் பெண்கள் சீதனமாக 10 தர ஏக்கர் வரை தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு விலக்கும் இருந்தது. பெண் பெயரில் நிலம் என்றாலே நமக்குச் சந்தோஷம் வருகிறது. ஆனால் பெண் பெயர் நிலத்தை ஒளித்துவைக்கவும் பயன்பட்டிருக்கிறது. மனைவி பெயர், கொழுந்தி பெயர், வீட்டு வேலைக்காரர் பெயர் என்று எழுதிவைக்கப்பட்ட பினாமி நிலங்களில் அந்தப் பெண்கள் கால் வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

லாஃப்டி எடுத்த வழி வேறு. மிராசுதாரர்களில் பலர் நகரத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது போக நினைத்தார்கள். அவர்களிடம் பேசி நியாயமான விலைக்கு நிலத்தை வாங்குவது, அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது, சேர்ந்து பயிரிட்டுக் கடனை அடைப்பது. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பெண்ணின் பெயரில். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. தொடக்கத்தில் வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. பதிவுக்குப் போனால் முத்திரைத்தாள் கட்டணம் விலையோடு போட்டிபோட்டது. கிருஷ்ணம்மாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் பாய் முடைதல், தையல், செங்கல் அறுத்தல் என்று வேலை உண்டாக்கினார்கள். 2007க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் போய்ச் சேர்ந்திருந்தது. 2008இல் சுவீடனின் வாழ்வுரிமை விருது இருவருக்கும் கிடைத்தது. அதை மாற்று நோபல் என்பார்கள். கிருஷ்ணம்மாளுக்கு 1989இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண்.

ஏன் பெண் பெயரில் என்று கேட்டால், ஆண் பெயரில் கொடுத்தால் குடிக்கும் கடனுக்கும் போய்விடும் என்ற பதில்தான் பொதுவாக வரும். களத்தில் நின்றவர்களின் அனுபவம் அது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பெண் நல்லவள், பொறுமைசாலி, அதனால் நிலம் அவளிடம் பத்திரமாக இருக்கும் என்றால், கோவிலில் நகைப்பெட்டியைக் காக்கும் பாம்பு மாதிரி அவளை நிலத்துக்குக் காவல் வைப்பதாகிவிடும். 'உழுபவனுக்கே நிலம்' என்ற பழைய முழக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஏர் பிடிப்பது ஆண், அதுவும் சில நாட்கள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் குனிந்த இடுப்பு நிமிராமல் அறுப்பதும் பெண்கள். உழைப்பைக் கணக்கெடுக்கும்போது ஏரை மட்டும் எண்ணினால் முழக்கம் தானாக ஆண்பாலாகிவிடும். அவள் நல்லவள் என்பதற்காக அல்ல, நட்டவள் அவள் என்பதற்காக நிலம் அவள் பெயரில் வர வேண்டும்.

இதை நேரடியாகக் கேட்டவர்கள் பீகாரின் புத்தகயா பெண்கள். அங்கே ஒரு மடத்தின் பிடியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தது. எழுபதுகளின் இறுதியில் தலித் கூலிகள் அதை எதிர்த்து எழுந்தார்கள். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்த மண்ணிலும் வேலை செய்திருக்கிறார்கள். போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் பெண்கள், முதலில் பட்டா வாங்கியவர்கள் ஆண்கள். பெண்கள் விடவில்லை. நிலம் இல்லாதபோதே அடிக்கிறவன் நிலமும் வந்தால் இன்னும் எவ்வளவு அடிப்பான் என்பது அவர்கள் வாதம். குடும்பத் தலைவர் ஆண்தானே என்றார்கள் அதிகாரிகள். சில கிராமங்களில் பெண்கள் தங்கள் பெயரிலேயே பட்டா வாங்கினார்கள். பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணும் நிலமும் பற்றி ஒரே ஒரு நூல் படிக்க நேரமிருக்கிறது என்று சொல்லும் மாணவிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

லாஃப்டி வயல்களுக்கு அடுத்த ஆபத்து கடல் பக்கமிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கடலோரத்தில் கம்பெனிகள் நெல்வயல்களை வாங்கி இறால் பண்ணை போட்டன. உப்புத் தண்ணீரை வயலுக்கு நடுவே கொண்டுவந்து தேக்கினால், பண்ணைக்குள் மட்டும் அது நிற்காது. பக்கத்து வயலுக்குக் கசியும், கிணறு உவர்ப்பாகும். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் இன்னும் தூரம் நடப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நெல்வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் பெண்களுக்கு வேலை உண்டு. இறால் குளத்துக்கு ஒரு காவல்காரர் போதும். எங்கள் ஊரில் கிராவல் செய்யும் வேலையை அங்கே உப்பு செய்தது. ஒருவர் விற்றால் பக்கத்தவர் நிலமும் கெட்டது.

எண்பது வயதை நெருங்கிய ஜெகந்நாதன் சத்தியாகிரகம் தொடங்கினார். பெண்கள் பண்ணைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், கைதானார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குளம் கூடாது, பாரம்பரிய முறை தவிர மற்றவற்றை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். பண்ணைகள் ஈட்டியதைவிடச் சுற்றுச்சூழலுக்கு ஏற்பட்ட சேதம் அதிகம் என்ற மதிப்பீட்டை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கட்டளை. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், வனநிலம், ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது தீர்ப்பு. வயலும் காடும் ஊர்ப் பொதுவும் ஒரே வரியில் வருகின்றன. அரசாங்கத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை, தனித்தனிக் கோப்பு. விறகு பொறுக்கி, மாடு மேய்த்து, களை பிடுங்கி வாழும் ஒரு பெண்ணுக்கு மூன்றும் ஒரே நாளின் நடை.

இந்த வழக்கை இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்பது அதன் பெயர். ஜெகந்நாதனின் பெயரே கடைசி எழுத்து உதிர்ந்துதான் ஏறியிருக்கிறது. வெயிலில் உட்கார்ந்த பெண்களின் பெயர் எப்படி ஏறும்? சட்டக் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் பேசும்போது இந்த வழக்கைப் பத்தி எண்களோடு சொன்னாள். கிருஷ்ணம்மாள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் படித்த தாளில் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு மறுஆய்வு மனுக்கள் போயின. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, மூடச் சொன்ன தொழிலுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும் வழியைத் திறந்தது. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் மறைந்தார். 2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்கள் அதில் உண்டு. அறந்தாங்கி உள்ளே இருக்கிறது. எங்கள் மாவட்டம் வெளியே. உள்ளே இருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது. உருக்காலை, எண்ணெய் எரிவாயுத் துரப்பணம், தோல் பதனிடுதல் போன்றவற்றைத் தடுக்கும் பட்டியல் அது. வீட்டுமனை அதில் இல்லை.

மானகிரிக்கு மேற்கே அதே மதுரைச் சாலையில் போனால் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான், 1977இல் அறிவிக்கப்பட்டது. கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தித்தாளில் வரும். எனக்கும் பெருமைதான். பறவைக்காக ஊரே சத்தமில்லாமல் இருக்க முடிகிற அதே வட்டாரத்தில், கண்மாய்க்குக் கீழே வயலைக் காக்க ஒரு ஊர்க் கட்டுப்பாடும் இல்லை.

போன பருவத்தில் முதுகலை வகுப்பில் ஒரு நாள் கேட்டேன், யார் யார் அம்மா பெயரில் நிலம் இருக்கிறது என்று. மூன்று கைகள் உயர்ந்தன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பிடிமானங்களில் பெண்களுடையவை ஏறத்தாழ 14 விழுக்காடு. என் வகுப்பு அதை ஒட்டித்தான் இருந்திருக்கும். கை தூக்கிய மூவரில் ஒருத்தி பிறகு தனியாக வந்து, "மேடம், அது கடனுக்காக அம்மா பேர்ல மாத்துனது" என்றாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மானகிரிக்குப் போயிருந்தேன். என் 40 சென்டைப் பிரித்து நிலமாகவே கொடுத்துவிடு என்று அண்ணனிடம் சொல்லத்தான் போனேன். சொல்லவும் செய்தேன். "நீ வந்து நாத்து நடுவியா?" என்று சிரித்தார். கோபம் வந்தது. கேள்வி நியாயமானது என்பதால் கூடுதலாக வந்தது. சம்பளம் வாங்கும் எனக்கு அந்த 40 சென்ட் உரிமை, சோறு இல்லை.

கண்மாய்க் கரையில் எங்கள் வயலில் நடவு நடும் அக்கா விறகுக் கட்டோடு வந்தார். காலனியிலிருந்து வருகிறவர். அவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. நான் பிறந்த வீட்டில் எனக்குள்ள பாகத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். இந்த வயலில் அவருக்குள்ள பாகம் எந்தச் சட்டத்திலும் இல்லை. விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் செய்யில முப்பது வருசமா நட்டுருக்கேன் தாயி. யாரு யாருக்கு எழுதிக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணும் வரப்போறதில்ல. இந்த வருசம் நடவு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லு."

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கிறது. அண்ணன் நேற்றும் போன் செய்தார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.